பிஜிக்குத் தொலைக்காட்சி வந்த பிறகு: ஊடகமும் வளரிளம் பருவத்தினரின் உடலும் உணவும்

பசிபிக் கடலில் இருக்கும் பிஜியைத் தமிழர்களாகிய நாம் கரும்புத் தோட்டங்களை வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். நம்மவர்கள் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட தீவு அது. உண்ணுதல் கோளாறுகளை ஆராய்பவர்களிடம் பிஜி என்று சொன்னால் அவர்கள் நினைவுக்கு வருவது வேறு: 1995ஆம் ஆண்டு, நண்ட்ரோங்கா என்ற மாகாணம், அங்கே புதிதாக வந்து இறங்கிய தொலைக்காட்சி.

அதற்கு முன்பு பிஜியின் பூர்வகுடிகளிடையே அழகான உடல் என்றால் வாட்டசாட்டமான உடல்தான். விருந்தாளியை வற்புறுத்தி உண்ண வைப்பது மரியாதை. ஒருவர் மெலிந்து போனால், வீட்டாரும் ஊராரும் அவரைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று பொருள். பசி குறைவதற்கே ‘மதாக்கே’ என்ற பெயரில் ஒரு நோய் இருந்தது. அதற்கு மூலிகைக் கஷாயமும் இருந்தது. ஊருக்குப் போனால் ‘இளைத்துத் துரும்பாகிவிட்டாயே’ என்று கன்னத்தைத் தடவும் நம் பாட்டிகளுக்கு அந்த ஊர் ஒத்துப்போயிருக்கும். எடையைக் குறைப்பதற்காகப் பட்டினி கிடக்கும் பெண் அங்கே ஒரு விசித்திரப் பிறவி.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் பெக்கர், மனநல மருத்துவரும் மானிடவியலாளருமாக அந்தத் தீவில் ஏற்கெனவே ஆய்வு செய்துகொண்டிருந்தவர். தொலைக்காட்சி வந்த சில வாரங்களில் அவர் 63 பள்ளி மாணவிகளிடம் ஒரு கேள்விப் படிவத்தை நிரப்பச் சொன்னார். மூன்றாண்டுகள் கழித்து, 1998இல், அதே பள்ளிகளில் 65 மாணவிகளிடம் அதே படிவம். சராசரி வயது 17. உணவோடு சிக்கலான உறவு இருப்பதைக் காட்டும் அளவுக்கு மதிப்பெண் பெற்றவர்கள் 1995இல் 12.7 சதவீதம், 1998இல் 29.2 சதவீதம். எடையைக் குறைக்க வேண்டுமென்றே வாந்தி எடுத்ததாகச் சொன்னவர்கள் முதல் முறை ஒருவர்கூட இல்லை. இரண்டாம் முறை 11.3 சதவீதம். தான் மிகவும் பெரிதாக, பருமனாக இருப்பதாக அவ்வப்போதாவது தோன்றுகிறது என்று 1998இல் நூற்றுக்கு 74 பேர் சொன்னார்கள்.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு ‘தொலைக்காட்சி பெண்களை நோயாளியாக்கியது’ என்று எழுதிவிடுவது எளிது. பல செய்தித்தாள்கள் அப்படித்தான் எழுதின. சற்று நிதானிக்க வேண்டும். மாணவிகளின் எண்ணிக்கை சிறியது. முதல் முறை பதில் சொன்னவர்களும் இரண்டாம் முறை சொன்னவர்களும் வேறு வேறு பெண்கள். தொலைக்காட்சியே வராத வேறொரு மாகாணத்தோடு ஒப்பிடவும் இல்லை. பணப் பொருளாதாரம், நகரத்து வேலை என்று அந்த ஆண்டுகளில் தீவில் வேறு பலவும் மாறிக்கொண்டிருந்தன. இத்தனை குறைகளுக்குப் பிறகும் இந்த ஆய்வை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் எண்கள் அல்ல. அந்தப் பெண்கள் பேட்டிகளில் சொன்னவை. வெளிநாட்டுத் தொடர்களில் வந்த பெண்களைப் போல மெலிந்தால் நல்ல வேலை கிடைக்கும், வீட்டுக்கு உதவ முடியும் என்றார்கள். அவர்கள் ஆசைப்பட்டது வெறும் இடுப்பளவுக்கு அல்ல. திரையில் மெல்லிய பெண்களுக்கு மட்டும் வாய்த்திருந்த வாழ்க்கைக்கு. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அலங்காரப் பைத்தியம்’ என்று இந்த விஷயத்தை ஒதுக்கித் தள்ளும் பெரியவர்கள் கோட்டைவிடுவது இந்த இடத்தைத்தான்.

உடல் பிம்பம் என்பது என்ன?

நம் உடலைப் பற்றி நாம் மனத்துக்குள் வைத்திருக்கும் படத்தை உளவியலில் உடல் பிம்பம் என்கிறார்கள். கண்ணாடியில் தெரிவதும் இதுவும் ஒன்றல்ல. என் தொடை எவ்வளவு பெரியது என்று நான் மதிப்பிடுவது அதில் ஒரு பகுதி. அதைப் பார்க்கும்போது எனக்கு எழும் வெட்கமோ நிறைவோ இன்னொரு பகுதி. ‘இப்படி இருந்தால் யாருக்கும் பிடிக்காது’ என்ற நம்பிக்கையும், அதனால் நான் செய்பவையும்கூட அதில் சேரும். புகைப்படத்தில் எப்போதும் பின்வரிசைக்குப் போவது, கடும் வெயிலிலும் தொளதொளச் சட்டையைக் கழற்றாதிருப்பது, நீச்சல் வகுப்பன்று வயிற்று வலி என்று வீட்டில் தங்கிவிடுவது எல்லாம் இதன் வெளி அடையாளங்கள். எடையை மட்டும் வைத்து இதைச் சொல்லிவிட முடியாது. மருத்துவக் கணக்குப்படி சரியான எடையில் இருக்கும் பெண்ணுக்கு மோசமான உடல் பிம்பம் இருக்கலாம்; பருமனான பையன் தன் உடலோடு சமாதானமாக இருக்கலாம்.

வளரிளம் பருவத்தில் இது சிக்கலாவதற்கு உடலே ஒரு காரணம். பூப்பெய்தும் காலத்தில் பெண்களின் இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேர்வது இயற்கை, சேர வேண்டும். அதாவது, மெலிந்த உடலே அழகு என்று திரை சொல்லிக்கொண்டிருக்கும் அதே ஆண்டுகளில் அவர்களின் உடல் எதிர்த் திசையில் நகர்கிறது. பையன்களுக்கு அகன்ற தோள்தான் இலட்சியமாகக் காட்டப்படுகிறது. உடல் அந்தத் திசையில்தான் போகும் என்றாலும், தாமதமாக வளரும் பையனுக்கு அந்த இரண்டு மூன்று ஆண்டுகள் நரகம். இடையே ஒரு நடைமுறைக் குறிப்பு: எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறை குறியீட்டுக்கு (BMI) 18.5 முதல் 25 வரை என்று இணையக் கணிப்பான்கள் காட்டும் வரம்பு பெரியவர்களுக்கானது. வளரும் பிள்ளைகளுக்கு வயதையும் பாலினத்தையும் வைத்துத் தனி வளர்ச்சி அட்டவணைகள் உண்டு; குழந்தை மருத்துவர்கள் அவற்றைத்தான் பார்ப்பார்கள். பதின்மூன்று வயதுப் பெண் அந்தக் கணிப்பானில் தன் எண்களைப் போட்டுப் பார்த்துக் கவலைப்படுவதில் அர்த்தமே இல்லை.

திரை எப்படி உள்ளே புகுகிறது?

லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் ஒரு கருத்தை முன்வைத்தார். அளவுகோல் இல்லாத விஷயங்களில் மனிதர்கள் தங்களைப் பிறரோடு ஒப்பிட்டே மதிப்பிடுகிறார்கள். அதுவும் தங்களைப் போன்றவர்களோடுதான் அதிகம் ஒப்பிடுகிறார்கள். எழுபது ஆண்டுகளுக்கு முன் சொன்ன இந்தக் கருத்து இன்றைய கைபேசிக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. திரைப்பட நடிகையைப் பார்க்கும் பெண்ணுக்கு ‘அவள் நடிகை, அவளுக்கு ஒப்பனையாளரும் பயிற்சியாளரும் இருக்கிறார்கள்’ என்ற ஒரு தடுப்பு மனத்தில் இருந்தது. பக்கத்து வகுப்பு மாணவியின் படம் வரும்போது அந்தத் தடுப்பு இல்லை. ஆனால் அந்தப் படமும் நாற்பது படங்களில் தேர்ந்தெடுத்தது, தோலை மெழுகும் ஃபில்டர் வழியாக வந்தது, முகத்துக்கு ஏற்ற கோணத்தில் எடுத்தது. நடிகைக்குரிய பூச்சும் தோழிக்குரிய நெருக்கமும் ஒரே படத்தில் சேர்ந்துவிட்டன.

ஒப்பீடு ஓரிரு முறை நடந்தால் மனம் சற்றுச் சுருங்கி மீண்டுவிடும். தொடர்ந்து நடக்கும்போது ‘அவள் அழகாக இருக்கிறாள்’ என்பது மெல்ல ‘நானும் அப்படித்தான் இருந்தாக வேண்டும்’ என்று மாறுகிறது. ஆய்வாளர்கள் அதிகம் அஞ்சுவது இந்த மாற்றத்துக்குத்தான். அதற்கு அடுத்த படியை பார்பரா ஃபிரெட்ரிக்சனும் டோமி-ஆன் ராபர்ட்ஸும் 1997இல் விவரித்தார்கள்: பிறர் கண்களால் தன் உடலையே இடைவிடாமல் கண்காணிப்பது. உட்கார்ந்தால் வயிறு மடிகிறதா, சிரித்தால் கன்னம் உப்புகிறதா என்று மனத்தின் ஒரு மூலை சதா காவல் காக்கிறது. கணக்குப் பாடத்துக்கும் விளையாட்டுக்கும் மிச்சம் இருக்கும் கவனம் குறைந்துபோகிறது.

இதெல்லாம் கைபேசியோடு பிறந்தவை அல்ல. 1965இல் அமெரிக்கக் கடைகளில் விற்ற ஒரு பார்பி பொம்மைப் பெட்டிக்குள் குட்டி எடை இயந்திரம் ஒன்று இருந்தது. அதன் முள் 110 பவுண்டில், அதாவது சுமார் 50 கிலோவில், நிலையாக நிற்கும். கூடவே எடை குறைப்பது எப்படி என்ற சிறு புத்தகமும் உண்டு. அதன் பின்னட்டையில் இருந்த அறிவுரை: ‘சாப்பிடாதே!’ சிறுமிகள் விளையாடும் பொருள் அது.

கைபேசி கூட்டியது அளவை. எடை குறைப்புக் காணொளி ஒன்றைச் சில நொடிகள் கூடுதலாக நின்று பார்த்தால் போதும், அதைப் போன்ற பத்து அடுத்தடுத்து வரும். பார்ப்பவர் ரசித்து நின்றாரா, வேதனைப்பட்டு நின்றாரா என்று அந்தக் கணக்கீட்டு முறைக்குத் தெரியாது. நின்றார் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். 2021இல் ஃபிரான்சஸ் ஹாகன் என்ற முன்னாள் ஊழியர் ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தார். அவற்றின்படி, தங்கள் உடலைப் பற்றி வருத்தத்தில் இருந்த பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதத்தினர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தை மேலும் மோசமாக்கியதாகச் சொல்லியிருந்தார்கள். நிறுவனம் மறுத்தது. தனிமை, சோகம் போன்ற வேறு பல சிக்கல்களில் செயலி உதவியதாகச் சொன்ன பெண்களே அதிகம் என்றது. அதே தரவு அப்படியும் சொல்லத்தான் செய்தது. ஆனால் நிறுவனம் பட்டியலிட்ட 12 சிக்கல்களில் விதிவிலக்காக நின்றது உடல் பிம்பம் ஒன்றுதான். மறுப்புரையே என் கண்ணுக்கு நல்ல சாட்சியமாகப் படுகிறது.

பையன்களின் கதை வெளியே தெரிவதில்லை, ஏனென்றால் அது ஒழுக்கம் போலத் தோன்றுகிறது. விடியற்காலையில் எழுந்து ஜிம்முக்குப் போகும் மகனைப் பார்த்து எந்த வீடும் கவலைப்படாது. ஹாரிசன் போப் என்ற மனநல மருத்துவரின் குழு 1999இல் ஜி.ஐ. ஜோ என்ற போர்வீரன் பொம்மையின் முப்பதாண்டுப் பதிப்புகளை எடுத்து அளந்து பார்த்தது. பொம்மையின் கைத்தசை பதிப்புக்குப் பதிப்பு பெருத்துக்கொண்டே போயிருந்தது. கடைசியில் வந்தவற்றை நிஜ மனிதனின் உயரத்துக்குப் பெருக்கிப் பார்த்தால், எந்த உடற்பயிற்சி வீரனும் எட்ட முடியாத கை. எவ்வளவு தசை ஏறினாலும் தான் நோஞ்சானாகவே இருப்பதாகத் தோன்றும் நிலை உண்மையிலேயே ஒரு மனநலச் சிக்கல். புரதப் பொடியில் தொடங்கி ஸ்டீராய்டு ஊசி வரை அது கொண்டுபோய்விடக்கூடும். நம் நாட்டில் இவற்றோடு நிறமும் சேர்ந்துகொள்கிறது. 1975 முதல் இந்தியாவில் விற்கப்படும் முகப்பூச்சு ஒன்று தன் பெயரில் இருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லை 2020இல்தான் கைவிட்டது. பெயர் மாறியது, மாப்பிள்ளை வீட்டாரின் கேள்வி மாறவில்லை.

தட்டில் என்ன நடக்கிறது?

மனத்தில் நடந்தது சாப்பாட்டுத் தட்டுக்கு வரும் வழி பெரும்பாலும் டயட் என்ற பெயரில்தான். காலை உணவைத் தவிர்ப்பது, சோற்றை அடியோடு நிறுத்துவது, நாளெல்லாம் வெந்நீரும் எலுமிச்சையும். இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடிக்கும். பிறகு ஒரு மாலை, இருப்பதையெல்லாம் வாரி உண்பது. அதன்பின் குற்ற உணர்வு. மறுநாள் இன்னும் கடுமையான பட்டினி. இதைப் பிள்ளைகள் தங்கள் மன உறுதியின் தோல்வி என்று எண்ணுகிறார்கள். அது தோல்வி அல்ல என்பதை 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு பரிசோதனை காட்டியது.

இரண்டாம் உலகப் போரில் பட்டினியால் வாடியவர்களை எப்படித் தேற்றுவது என்று கண்டறிய ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வு அது. போருக்குப் போக மனசாட்சி இடம் தராத 36 இளைஞர்கள் முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆறு மாதம் அவர்களுக்கு அரைப்பட்டினி உணவு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி. இன்று இணையத்தில் உலவும் பல டயட் திட்டங்கள் இதைவிடக் குறைவாகக் கொடுக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். சில மாதங்களில் அந்த இளைஞர்கள் உணவைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாதவர்கள் ஆனார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். ஒரு கவளத்தை நெடுநேரம் அளைந்துகொண்டிருந்தார்கள். எரிச்சலும் சோர்வும் வந்தன, நண்பர்களிடமிருந்து விலகினார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகு, வயிறு முட்டியும் நிறுத்த முடியாமல் உண்டவர்களும் உண்டு. இவர்கள் யாருக்கும் மெலிய வேண்டும் என்ற ஆசை இருக்கவில்லை, அழகுக் கவலையும் இல்லை. பட்டினி மட்டுமே இதையெல்லாம் செய்தது. டயட் இருக்கும் பதினைந்து வயதுப் பெண் நள்ளிரவில் சமையல் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதில் இருக்கிறது. டயட் இருந்த பதின்வயதினர், இராதவர்களைவிடப் பிற்காலத்தில் அதிக எடை ஏறியதை அமெரிக்காவில் நடந்த நீண்டகால ஆய்வுகளும் பதிவு செய்திருக்கின்றன.

இன்னொரு முரண். மெலியச் சொல்லும் அதே திரைதான் சிப்ஸும் குளிர்பானமும் விற்கிறது. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஒரு சோதனையில், தின்பண்ட விளம்பரங்களோடு கார்ட்டூன் பார்த்த சிறுவர்கள், வேறு விளம்பரங்களோடு பார்த்தவர்களைவிட 45 சதவீதம் அதிகமாக எதிரிலிருந்த பிஸ்கட்டைத் தின்றார்கள். விளம்பரத்தில் வந்தது அந்த பிஸ்கட்டே அல்ல. சிலி நாடு 2016இல் சர்க்கரையும் கொழுப்பும் உப்பும் மிகுந்த பொட்டலங்களில் கறுப்பு எண்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கி, அத்தகைய உணவுகளின் பெட்டிகளிலிருந்து கார்ட்டூன் உருவங்களையும் நீக்கியது.

குற்றவாளி திரை மட்டுமா?

இல்லை. அனோரெக்ஸியா நெர்வோசா என்று மருத்துவர்கள் அழைக்கும், உணவை மறுத்து உயிருக்கே ஆபத்தாகும் நோயை லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1873லேயே விவரித்துவிட்டார். அப்போது சினிமாகூடப் பிறக்கவில்லை. மரபணுவுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. ஒரே காணொளியை நூறு பேர் பார்த்தாலும் பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏற்கெனவே மனச்சோர்வோ, எல்லாம் குறையின்றி இருக்க வேண்டும் என்ற பிடிவாதமோ உள்ள சிலரைத்தான் அது ஆழமாகத் தைக்கிறது.

திரைக்கும் பிள்ளைக்கும் நடுவில் நாம் இருக்கிறோம் என்பதுதான் அதிகம் பேசப்படாதது. பெக்கர் பிஜிக்குத் திரும்பிப் போய், 2007இல் 523 மாணவிகளை ஆராய்ந்தார். வீட்டில் தொலைக்காட்சி இருக்கிறதா என்பதைவிட, அந்த மாணவியின் தோழிகள் எவ்வளவு ஊடகம் பார்க்கிறார்கள் என்பதே உண்ணுதல் சிக்கலோடு அதிகம் தொடர்புடையதாக இருந்தது. தான் பார்க்காவிட்டாலும், பார்த்தவர்களின் பேச்சு வழியாக அது வந்து சேர்கிறது. ஊடகம், நண்பர்கள், பெற்றோர் ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று உளவியலாளர்கள் 1990களின் இறுதியிலிருந்தே சொல்லிவருகிறார்கள். நம் ஊர்க் கல்யாண வீடுகளை நினைத்துப் பாருங்கள். ‘என்னம்மா, நன்றாக உடம்பு போட்டிருக்கிறாய்’ என்று சித்தி வரவேற்பார். ‘கல்லூரிக்குப் போகும் முன் கொஞ்சம் குறைத்துக்கொள்’ என்பார் மாமா. அடுத்த நிமிடமே இரண்டாவது ஜாங்கிரியை இலையில் வைத்து ‘சாப்பிடு, சாப்பிடு’ என்று வற்புறுத்துவதும் அவர்களே. கைபேசியைப் பிடுங்கி அலமாரியில் பூட்டும் பெற்றோர், இந்தச் சித்தியையும் மாமாவையும் என்ன செய்வதென்று யோசிப்பதில்லை. வீட்டார் எடையைச் சொல்லிக் கேலி செய்யும் பிள்ளைகளிடம் சிக்கலான உண்ணும் பழக்கம் அதிகம் என்பதை மினசோட்டாவிலேயே நடந்த இன்னோர் ஆய்வு காட்டியிருக்கிறது.

எதற்குப் பலன் இருக்கிறது?

சட்டங்கள் வந்திருக்கின்றன. இஸ்ரேல் 2012இலும் பிரான்ஸ் 2017இலும், உடலைத் திருத்திய விளம்பரப் படங்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று விதித்தன. நார்வேயும் பின்னர் சேர்ந்தது. நோக்கம் நல்லது. ஆனால் இத்தகைய குறிப்பைப் படித்த பெண்களின் மனக்குறை குறையவில்லை என்று ஆஸ்திரேலியாவில் மாரிகா டிகமன் நடத்திய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டின. படம் பொய் என்று தெரிந்தும் மனம் ஒப்பிடுகிறது. ‘அதெல்லாம் எடிட்டிங்’ என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுக் கடமை முடிந்ததாக நினைப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ளலாம்.

நேரத்தைக் குறைப்பதற்குச் சற்றுப் பலன் இருக்கிறது. மனவருத்தத்தில் இருந்த 17 முதல் 25 வயது வரையிலான 220 பேரிடம் கனடாவில் நடந்த சோதனை 2023இல் வெளியானது. சமூக ஊடகத்தை நாளுக்கு ஒரு மணி நேரமாக மூன்று வாரம் குறைத்தவர்களுக்குத் தங்கள் தோற்றத்தையும் எடையையும் பற்றிய மதிப்பு உயர்ந்தது. இதைவிட உறுதியான சான்றுகள் உள்ள முறை எரிக் ஸ்டைஸ் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு உருவாக்கியது. அதில் பெண்களுக்கு யாரும் அறிவுரை சொல்வதில்லை. மெல்லிய உடல் என்ற இலட்சியத்தால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று அவர்களையே பேச வைக்கிறார்கள், எழுத வைக்கிறார்கள், நடித்துக் காட்டச் சொல்கிறார்கள். தன் வாயாலேயே எதிர்த்துப் பேசிய ஒன்றை மனம் பழையபடி பிடித்துக்கொண்டிருக்கச் சிரமப்படுகிறது. பள்ளிகளில் செலவின்றிச் செய்யக்கூடியது. நம் பள்ளிகளின் வாழ்வியல் வகுப்புகளுக்கு இது வராமலிருப்பது வருத்தம்.

சாதாரணக் கவலை நோயாகும் இடத்தை அடையாளம் கண்டுகொள்வதும் வேண்டும். வீட்டாரோடு உண்பதைத் தொடர்ந்து தவிர்ப்பது, உண்டவுடன் குளியலறைக்குள் போய் நெடுநேரம் இருப்பது, சில மாதங்களில் எடை சட்டென்று இறங்குவது, மாதவிடாய் நின்றுபோவது, மயக்கம், தின்பண்டப் பொட்டலங்கள் ஒளித்துவைக்கப்பட்டிருப்பது, காய்ச்சலிலும் உடற்பயிற்சியை விட மறுப்பது ஆகியவை தென்பட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். உடல் பருமனாக இருப்பவருக்கும் உண்ணுதல் கோளாறு வரும். இந்தியாவில் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும், இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணிலும் பேசலாம்.

அனோரெக்ஸியா வந்த பதின்வயதினருக்கு இன்று அதிகம் பரிந்துரைக்கப்படும் சிகிச்சை, லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவானது. அதில் பெற்றோரைக் குற்றம் சாட்டுவதில்லை. அவர்களையே சிகிச்சையின் நடுவில் வைக்கிறார்கள். என்ன உண்பது, எவ்வளவு உண்பது என்ற முடிவைச் சிறிது காலம் பெற்றோர் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வேளையும் பக்கத்தில் அமர்ந்து உண்ண வைக்கிறார்கள். எடை திரும்பியதும் அந்தப் பொறுப்பு படிப்படியாகப் பிள்ளையிடமே போகிறது. எந்தப் படம், எந்தக் காணொளி இதற்குக் காரணம் என்ற விசாரணையை முதல் வாரங்களில் மருத்துவர்கள் தொடுவதே இல்லை.